பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று ஒரு டயரைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை அம்சவேணியின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறுகிறேன். கதவைத் திறந்தவள் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, கடையில ஆப்பிள், ஆரஞ்சு ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

அவள்தான் போன் செய்து வரச் சொன்னவள். ஜனவரி 21-ஆம் தேதி பொள்ளாச்சி ரோட்டில் ஒரு தனியார் ஓடுதளத்தில் கால் மைல் டிராக் பந்தயம், நேர்கோட்டில் யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்ப்பது. எனக்கும் அவள் வீட்டுக்காரர் பூபதிக்கும் பொதுவாக ஒரு பழைய பத்மினி கார் இருக்கிறது. உள்ளே வேறு எஞ்சின், பின்னால் இரண்டு ஸ்லிக் டயர். ஸ்லிக் என்றால் கோடு, பள்ளம் எதுவும் இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும் பந்தய டயர். புதிதாக வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆகும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பந்தயத்தில் நான் ஓட்டினேன். வண்டி கிளம்பியதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மணல் மூட்டையில் முட்டியது. இறங்கியதும் மனதில் பட்டதைச் சொன்னேன்: "மாப்ள, உங்க வெல்டிங் கோணலுங்க. அச்சு நேரா இல்ல." பத்துப் பேர் முன்னால் சொன்னது தப்புதான். வெல்டிங் பட்டறை வைத்துப் பிழைக்கிற மனுஷன். அன்றோடு பேச்சு நின்றது. வண்டி அவர் பட்டறையில் நின்றது. அதைப் பாகம் பிரிக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு ஸ்லிக்கை எடுத்துக்கொண்டு போனோம். ஒற்றை டயரை வைத்துக்கொண்டு எவரும் ஓட்ட முடியாதல்லவா.

இன்று பூபதி எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்றார். என் டயரை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு சொன்னார்: "இந்த வாட்டி நான் ஓட்டறனுங்க. வண்டி நேராப் போகலீன்னா எடைக்குப் போட்டர்லாம். அப்பறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

கிளம்பும்போது அம்சவேணி கேட் வரை வந்தாள். "அண்ணா, வண்டி போச்சுன்னா அவரு உங்ககூடப் பேசறதுக்கு ஒரு சாக்கும் இருக்காது. பாத்துக்குங்க" என்றாள்.

பூபதியின் டயர் கட்டிலுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக்கும் சாக்கும் சுற்றிக் கிடந்தது. மூன்று வருஷமாக அவிழ்த்தே பார்க்கவில்லையாம். எட்டுக்கால் பூச்சி ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடையதை நான் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் ஆயில் சீல் ரப்பரின் கடினத்தன்மையை அளக்கிற மீட்டர் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எண் ஏற ஏற ரப்பர் கல்லாகிவிட்டது என்று அர்த்தம்; கல்லான ரப்பர் தரையைப் பிடிக்காது, வழுக்கும்.

பூபதியின் டயர்: 61.

என்னுடையது: 74.

பத்து இடத்தில் வைத்து அழுத்தினேன். 74, 73, 75, 74. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து கம்பெனிக்கே திரும்பிப் போய்ச் சரிபார்த்தேன். மீட்டரில் கோளாறு இல்லை. ஒன்றுமே புரியவில்லை. இரண்டும் ஒரே வாரம் செய்தது, ஒரே பெட்டியில் வந்தது. கண்டுகொள்ளாமல் விட்டவனுக்கு மிருதுவாக இருக்கிறது, கண்ணும் கருத்துமாகப் பார்த்தவனுக்குக் கல்லாகியிருக்கிறது. இது என்ன நியாயம்?

டிசம்பர் 10, ஞாயிறு

பூபதி என் டயரை முகர்ந்து பார்த்தார். "மச்சான், பாலிஷ் போட்டீங்களா?"

போட்டேன். வெள்ளிக்கிழமை தோறும். ஷோரூமில் போடுகிற நல்ல பாலிஷ்தான். துடைத்து, ஜன்னல் ஓரமாக வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு இன்வெர்ட்டர் பக்கத்தில் சாய்த்துவைப்பேன். பூசணம் பிடிக்காது என்று.

அவர் சிரித்தே விட்டார். மூன்று வருஷத்தில் முதல் சிரிப்பு, அதுவும் என்னைப் பார்த்து. "ரப்பருக்குள்ள இருக்கற எண்ணெய பாலிஷு இழுத்துப்போடும். மிச்சத்த வெயிலு உறிஞ்சிரும். இன்வெர்ட்டர்ல வர்ற காத்தும் ஆகாது. நீங்க அதத் தொடாமயே இருந்திருக்கலாமுங்க."

வீட்டுக்கு வந்து மனைவி சுகந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வெள்ளிக்கெழம ஆனா அந்த டயர எடுத்து மடியில வெச்சுக்கறீங்க. அதுக்கு ஒரு போனப் போட்டு உங்க தங்கச்சிகிட்டப் பேசியிருக்கலாம்" என்றாள். டயருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

டிசம்பர் 13, புதன்

காலையில் அளந்தால் 77. மதியம் 73. குளிரில் ரப்பர் இறுகும் என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் காலையில் மூன்று தடவை அளந்தேன். கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

சிங்காநல்லூர் பக்கம் ஒரு மூடிய மில்லுக்குள் நேரான சிமெண்ட் பாதை இருக்கிறது. வாட்ச்மேன் பூபதிக்குத் தெரிந்தவர். நானூறு அடிதான், கிளம்பிப் பார்க்க அது போதும்.

என் கல் டயரை வலது பக்கம் மாட்டினோம். இரண்டிலும் பன்னிரண்டு பவுண்டு காற்று. பூபதி ஓட்டினார். கிளம்பியதும் வலது சக்கரம் வழுக்க, வண்டி வலப்புறம் திரும்பியது. பிடிப்புள்ள சக்கரம் தள்ளும், பிடிப்பில்லாத பக்கம் வண்டி சாயும். எதிர்பார்த்ததுதான். பூபதி என் டயரை ஒரு பார்வை பார்த்தார்.

"மாத்திப் போடுங்க" என்றேன். என் டயர் இடது பக்கம் போனது. இப்போது இடது பக்கம் இழுக்கவேண்டும்.

வலது பக்கமே இழுத்தது. கொஞ்சம் குறைவாக, ஆனால் வலது பக்கம்தான்.

இருவரும் வண்டிக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தோம். வாட்ச்மேன் டீ கொண்டுவந்தார். மூன்றாம் முறையும் வலது. "டயரு மேல மட்டும் தப்பு இல்லீங்க போல" என்றார் பூபதி. எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. அது ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

பழைய ஸ்லிக்கில் மேல்தோல்தான் முதலில் செத்துப்போகிறது. அடியில் ரப்பர் இன்னும் உயிரோடு இருக்கும் என்றார் பூபதி. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டு, எண்பது நம்பர் உப்புத்தாள் போட்ட மெஷினால் என் டயரைத் தேய்த்தார். மூன்று வருஷப் பாலிஷ் கறுப்புத் தூளாக அவர் சட்டையெல்லாம் படிந்தது. என் தோலையே சீவுகிற மாதிரி இருந்தது. ஒரு மில்லிமீட்டர் போனதும் வாசனையே மாறியது. புது டயர் கடைக்குள் நுழைந்த மாதிரி.

மீட்டர்: 65. மறுபடி: 65!

அம்சவேணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாஸ் மார்க்குங்களா?" என்றாள்.

அவர் டயரையும் லேசாகத் தேய்த்தோம். 60. பிறகு டேப்பால் இரண்டின் சுற்றளவையும் அளந்தோம். ஒன்று சின்னதாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இனி என்ன தடை?

டிசம்பர் 26, செவ்வாய்

பிடிப்பு அபாரம். தண்ணீர் தெளித்து, சக்கரத்தைச் சுழற்றிப் புகை கக்கவைத்துச் சூடாக்கியதும் டயர் தரையில் ஒட்டிக்கொண்டது. அறுபதடி தாண்ட 2.3 நொடி எடுத்த வண்டி 1.9-க்கு வந்துவிட்டது.

வலது பக்கம் முன்னைவிட மோசமாக இழுக்கிறது.

புரியவில்லை. வழுக்கும்போது கொஞ்சம் இழுத்தது, வழுக்காதபோது நிறைய இழுக்கிறது. டயரைச் சரிசெய்யச் சரிசெய்ய வண்டி கெட்டுப்போகிறது. பூபதி சுவரில் இடிக்கப் பார்த்தார். அம்சவேணி அங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

ஜனவரி 1, திங்கள்

புத்தாண்டுக்கு அம்சவேணி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு பூபதி தன் பழைய குறிப்பு நோட்டை எடுத்துவந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம். அவர் கையெழுத்தில்: "கடைசி ஓட்டம். இடது 12, வலது 12. இடப்புறம் இழுப்பு."

"மச்சான், நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்கு ஆறவே இல்லீங்க. நம்ம வெல்டிங் கோணலாகாதுன்னு நெனச்சேன். ஆனா காத்து ரெண்டு பக்கமும் ஒண்ணு, நானே புடிச்சது. அப்பறமும் இடது பக்கம் இழுத்துச்சுன்னா? நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிருச்சுங்க. நீங்க போன மறுவாரமே பின் அச்சைத் தாங்கற இடது பிராக்கெட்ட வெட்டி எடுத்து மூணு மில்லி பின்னால தள்ளிப் பத்தவெச்சேன். அளந்தா கணக்கு ஒதைக்குது. ஆனா ஓட்டத்துல இழுத்தது பொய்யாகாதில்லீங்களா?"

பாயசம் போதும் என்றேன். அம்சவேணி, "ஏனுங்ணா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது" என்றாள். வெயில் என்றேன்.

ஜனவரி 2, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜனவரி 4, வியாழன்

அந்தப் பழைய பந்தயத்தில் வரிசையில் நின்றபோது இடது டயரில் பிடிப்பு போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் படிந்து உட்காரும், நன்றாகப் பிடிக்கும். அவ்வளவுதான் யோசித்தேன். பூபதி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். சொல்ல நேரமில்லை.

மூன்று பவுண்டு எல்லாம் ஒரு காற்றா?

ஜனவரி 7, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

அன்றைக்கு இடது டயரில் இருந்தது பன்னிரண்டு அல்ல, ஒன்பது. காற்று குறைந்ததால் அந்தச் சக்கரம் சின்னதாகி வண்டி இடப்புறம் போனது. இறங்கும்போதே எனக்குத் தெரியும். பத்துப் பேர் ஓடிவந்தார்கள், வாயில் வந்தது வெல்டிங். நேராக இருந்த பிராக்கெட்டை என் பேச்சைக் கேட்டு அவர் கோணலாக்கியிருக்கிறார். அதனால்தான் இப்போது வலது பக்கம் இழுக்கிறது. டயர் நன்றாகப் பிடிக்கப் பிடிக்கக் கோணலும் நன்றாக வேலை செய்கிறது.

இன்று மில்லில் இதைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். பூபதி காற்றைப் பார்த்து 12-12 என்று எழுதிவிட்டு ஹெல்மெட் எடுக்கப் போனார். நான் இடது சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பவுண்டு இறக்கினேன்.

வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது.

பூபதி வண்டியிலிருந்து குதித்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நேராப் போச்சுங்க மச்சான்! பன்னெண்டுக்குப் பன்னெண்டு!" அவர் வியர்வை என் சட்டையில். நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று எனக்கே குழப்பம்.

ஜனவரி 10, புதன்

இனி ஒவ்வொரு தடவையும் நான் மூன்று பவுண்டு இறக்கவேண்டும். முடியாதா என்ன? ஓட்டம் முடிந்ததும் ஏற்றிவிட்டால் போயிற்று. கைக்கு அடக்கமாக ஒரு காற்று மீட்டர் வாங்கினேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்.

மில்லில் நானூறு அடி. அங்கே கால் மைல். கடைசியில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் வரும். ஒன்பது பவுண்டுள்ள சீவிய டயர் அந்த வேகத்தில் என்ன செய்யும்? வாரம் முழுக்கக் கம்பெனியில் உட்கார்ந்து யோசித்தேன், வீட்டில் யோசித்தேன், கரும்பு கடிக்கும்போது யோசித்தேன். நெளியும். ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். ஓட்டப்போவது நான் இல்லை.

அம்சவேணி போன் செய்தாள். "ரெண்டு பேரும் சேந்து கார் ஓட்டப்போறீங்க. எனக்கு இந்தப் பொங்கலுதான் பொங்கலு" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, சனி

நாளைக்குச் சொல்லிவிடுவேன். அல்லது நாளைக்கு மழை பெய்யும்.

ஜனவரி 21, ஞாயிறு

மழை பெய்யவில்லை.

பதினொரு மணிக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்து வண்டி. வலது பக்கம் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஜனம். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அம்சவேணி குடை பிடித்துக்கொண்டு எங்கள் வண்டியோடு நடந்து வந்தாள்.

பூபதி ஜாக்கெட் போடப் போனபோது உட்கார்ந்து மூன்று பவுண்டு இறக்கினேன். எழுந்தால் அவர் பக்கத்தில் நிற்கிறார். "ஒருக்கா பாத்தர்றனுங்க" என்று தன் மீட்டரை வைத்தார். "அட, இடது ஒம்பது காட்டுது. லீக்காட்டம் இருக்குது." பம்ப்பை எடுத்துப் பன்னிரண்டுக்கு ஏற்றினார். "நல்லவேள பாத்தனுங்க."

பன்னிரண்டில் போனால் வலது பக்கம், ஜனங்கள் மேல். ஒன்பதில் போனால் டயர் கழன்று, அவர். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். முன்னால் மூன்று வண்டி இருந்தது. பூபதி ஹெல்மெட் மாட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, எறங்குங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னலில் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"லீக்கு இல்லீங்க. நாந்தான் எறக்குனேன். மில்லுலயும் நாந்தான் எறக்குனேன்." மூச்சு வாங்கியது. "அன்னிக்கும் நாந்தான். இடது பக்கம் மூணு பவுண்டு. உங்க நோட்டுல இருக்கற பன்னெண்டு பொய்யிங்க. உங்க வெல்டிங்ல ஒரு கொறையும் இல்ல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். பூபதி காரின் கூரைமேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தகரம் குழிந்துவிட்டது. பிறகு கொடி வைத்திருந்தவரிடம் கையசைத்து, வரவில்லை என்று காட்டினார்.

வண்டியை வரிசையிலிருந்து தள்ளினோம். நானும் தள்ளினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

அம்சவேணி குடையை மடக்கிவிட்டாள். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. "மூணு பவுண்டு காத்துக்கு மூணு வருசங்களாண்ணா?" என்றாள். வெட்கமாக இருந்தது. இன்னமும் இருக்கிறது.

ஜனவரி 24, புதன்

போன் இல்லை. நானாகக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கம்பெனியில் ஆயில் சீல் ஒரு லாட் முழுக்கத் திருப்பி அனுப்பினேன். பிறகு பார்த்தால் நான்தான் தப்பாக அளந்திருக்கிறேன்.

ஜனவரி 27, சனி

வண்டியை எடைக்குப் போட்டுவிட்டாரா என்று பார்க்கப் பட்டறைத் தெரு வழியாக ஒரு நடை போனேன். ஷட்டர் மூடியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

காலை ஒன்பதரைக்குப் போன். பூபதி. "வாங்க" என்று ஒரே வார்த்தை.

வண்டி ஜாக்கியில் நின்றது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. பக்கத்து லேத் பட்டறைக்காரரும் பெயின்ட் கடைக்காரரும் அவர்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருமே அன்றைக்கு மணல் மூட்டைப் பக்கம் ஓடிவந்தவர்கள். அம்சவேணி அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "குடிச்சுட்டு எறங்குங்கண்ணா" என்றாள்.

பூபதி கட்டிங் மெஷினை என் கையில் கொடுத்தார். "நீங்களே வெட்டுங்க."

வண்டிக்கு அடியில் படுத்து இடது பிராக்கெட்டை வெட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பழக்கமில்லாத வேலை. பொறி கழுத்தில் விழுந்து சுட்டது. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாரே தவிர உதவவில்லை. பிராக்கெட் கழன்றதும் உள்ளே அவர் முதலில் வைத்த வெல்டிங்கின் தழும்பு தெரிந்தது. பிராக்கெட்டை அந்தத் தழும்பின் மேலேயே வைத்துப் பிடித்தார். டேப்பை என்னிடம் நீட்டினார்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இடப்பக்கம் அளந்தேன். வலப்பக்கம் அளந்தேன். மறுபடி இடப்பக்கம்.

"எவ்வளவுங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"காதுல விழுகல."

"ரெண்டு பக்கமும் ஒண்ணு!"

"அவங்களுக்கும் கேக்கட்டும் மச்சான்."

வெளியே வந்து எழுந்து நின்றேன். லேத்துக்காரர் டீயைக் கீழே வைத்தார். பூபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. மூன்று வருஷமாக இந்தத் தெருவில் இவர் எப்படித் தலைநிமிர்ந்து கடையைத் திறந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாப்ளயோட வெல்டிங் நேருங்க" என்றேன். "அன்னிக்கும் நேரு. காத்த எறக்குனது நானு. பழிய அவரு மேல போட்டதும் நானு."

பெயின்ட் கடைக்காரர் தலையை ஆட்டினார்.

பூபதி மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "இங்க வந்து இந்த பிராக்கெட்டப் புடிங்க. அசையாமப் புடிக்கோணும். கோணலாச்சுன்னா அப்பறம் என்னையத்தான் சொல்லுவீங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் பற்றவைத்து முடிக்கும்வரை நான் மூச்சுகூட விடவில்லை.